மூக்கில் கொம்பு வைத்த டைனோசர்... யார் இந்த ஹாக்கின்ஸ்?

தெற்கு லண்டனில் இருக்கிறது கிரிஸ்டல் பேலஸ் பூங்கா. பேரக்குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாத்தா, பாட்டிகளுக்கு இங்கே முக்கியமான வேலை டைனோசர் காட்டுவதுதான். தண்ணீர் சூழ்ந்த திட்டுகளில், மரங்களுக்கு நடுவே நிஜ அளவில் நிற்கின்றன சிலைகள்.

ஆனால் செல்போனில் டைனோசர் வீடியோ பார்த்து வளர்ந்த குட்டிகள் சும்மா விடுமா? இகுவானோடான் ஏன் காண்டாமிருகம் மாதிரி இருக்கு, மூக்கு மேல ஏன் கொம்பு என்று கேட்டுவிடும். நியாயமான கேள்விதான். பதில், இவற்றைச் செய்த பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸின் வாழ்க்கையில் இருக்கிறது.

யார் இவர்?

1807-ல் லண்டனில் பிறந்தவர். சிற்பம் கற்றவர், விலங்குகளை வரைவதில் கெட்டிக்காரர். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்த மீன்களுக்கும் ஊர்வனவற்றுக்கும் படம் வரைந்தது இவர்தான்.

1851 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கண்ணாடி மாளிகையைப் பிரித்து, சிடன்ஹாமில் மறுபடி எழுப்பினார்கள். அதன் தோட்டத்தில் அழிந்துபோன விலங்குகளை உருவாக்கும் வேலை 1852-ல் ஹாக்கின்ஸிடம் வந்தது. டைனோசர் என்ற பெயரை ரிச்சர்ட் ஓவன் சூட்டி அப்போது 10 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஓவன்தான் அறிவியல் ஆலோசகர்.

தப்பு எங்கே நடந்தது?

கையில் இருந்தவை சில பற்கள், எலும்புத் துண்டுகள். முழு எலும்புக்கூடு ஒன்றுகூட கிடையாது. கூம்பு வடிவ எலும்பு ஒன்றை, இகுவானோடானுக்குப் பெயர் வைத்த கிடியன் மான்டெல் மூக்குக் கொம்பு என்று நினைத்திருந்தார். ஹாக்கின்ஸும் அங்கேயே வைத்தார். 1878-ல் பெல்ஜியம் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் தெரிந்தது, அது கட்டைவிரல் முள் என்று!

வேலையில் குறை வைக்கவில்லை. ஒரு இகுவானோடானுக்கு மட்டும் 600 செங்கல், 38 பீப்பாய் சிமென்ட் போனது. 1853 டிசம்பர் 31 இரவு, அதன் அச்சுக்குள் மேஜை போட்டு அறிஞர்களுக்கு விருந்தே வைத்தார். 1854 ஜூனில் விக்டோரியா மகாராணி பூங்காவைத் திறந்துவைத்தார். புத்தகத்தில் மட்டும் இருந்த விலங்கைச் சாதாரண மக்கள் நிஜ அளவில் பார்த்தது அப்போதுதான். அடுத்த வருஷமே நிதி நின்றது. திட்டமிட்ட பல உருவங்கள் வரவே இல்லை.

அமெரிக்காவில் என்ன ஆச்சு?

1868-ல் பிலடெல்பியாவில் ஹாட்ரோசாரஸ் எலும்புகளைக் கோத்து, இரண்டு காலில் நிறுத்தினார் ஹாக்கின்ஸ். உலகிலேயே முதன்முதலாகப் பொருத்திக் காட்டப்பட்ட டைனோசர் எலும்புக்கூடு அது. லண்டனில் நாலு காலில் செய்தவர், புது ஆதாரம் கிடைத்ததும் தன் கையாலேயே மாற்றிக் காட்டினார்.

அடுத்து, நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பிரம்மாண்டமான அருங்காட்சியகத் திட்டம். நகர நிர்வாகம் கைமாறியதும் 1870-ல் அது ரத்தானது. 1871 மே மாதம் ஆட்கள் பட்டறைக்குள் புகுந்து, அச்சுகளையும் மாதிரிகளையும் சம்மட்டியால் நொறுக்கினார்கள். பழி நெடுநாளாக அரசியல்வாதி ட்வீட் மீது இருந்தது. பூங்கா நிர்வாகப் பொருளாளர் ஹென்றி ஹில்டன்தான் காரணம் என்கிறது 2023-ல் வெளியான பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு. ஹாக்கின்ஸ் ஓயவில்லை. பிரின்ஸ்டனுக்காகத் தொல்விலங்கு ஓவியங்கள் வரைந்தார். 1894-ல் காலமானார்.

இப்போது?

கண்ணாடி மாளிகை 1936-ல் எரிந்துபோனது. சிலைகள் தப்பின. 2007-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு இருக்கும் அதே முதல்நிலைப் பாதுகாப்பு இவற்றுக்கும் கிடைத்தது. பழுது பார்க்கிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். கொம்பை மட்டும் யாரும் மூக்கிலிருந்து எடுக்கவில்லை. 1854-ல் மனிதர்களுக்கு டைனோசர் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான் என்பதற்கு அதுவே சாட்சி.