தெமியார் மக்களின் தோழர் பேட் நூன்

பத்து காவான் தோட்டத்துப் பிள்ளை நான். நம் நாட்டுப் பூர்வக்குடியினரைப் பற்றிப் படித்தபோது என்னைக் கவர்ந்தவர் பேட் நூன். 1907இல் பிறந்த இந்த ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜில் பயின்று, 1931இல் தைப்பிங்கிலுள்ள பேராக் அரும்பொருளகப் பணிக்கு வந்தார். பேராக், கிளந்தான் எல்லை மலைக்காடுகளில் தெமியார் மக்களோடு தங்கி அவர்கள் மொழியைக் கற்றார். அவர்களுள் ஒரு பெண்ணையே மணந்தார். அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டுமென 1936இல் அறிக்கை வெளியிட்டார். 1939இல் பேராக்கில் பூர்வக்குடியினர் சட்டம் பிறந்தது. ஜப்பானியர் ஆட்சியில் காட்டுக்குள் சென்ற அவர் திரும்பவில்லை. 1943இல் அங்கேயே கொல்லப்பட்டதாகப் பின்னாளில் அவர் தம்பி விசாரித்து அறிந்தார்.

தெமியார் மொழி இன்றும் பேசப்படுகிறது. தோட்டம் தொழிற்பேட்டையானதும் சிதறிப்போன எங்கள் குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன். நிலம் போனால் மொழியும் தளரும். தாங்கிப் பிடிக்க வேண்டியவர்கள் நாம்தான், நண்பர்களே!