ஜோர்ஜ் மெலியே: திரையிலே மாயம் வளர்த்த பெரியார்

இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதன் ஒருவன் சினிமாவைப் பற்றி எழுதப் புகுந்தானே என்று அன்பர்கள் சிலர் புருவம் நெரித்தல் கூடும். பழைய நூலைப் பயில்பவன் பழைய படத்தைப் பார்த்தலாகாது என்பதற்கு எந்த நூலிலும் விதி காணேன். இன்று வீடுதோறும் கணினியும் கைத்தொலைபேசியும் புகுந்துவிட்டமையால், நூறாண்டுக்கு முற்பட்ட படங்களையும் இருந்த இடத்திலிருந்தே காணும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கின்றது. அவற்றுள் எதனை முதலிற் பார்ப்பது என்று வினவுவோர்க்கு யான் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. அது பிரான்சு தேசத்து ஜோர்ஜ் மெலியே என்பதாம். அவர் படங்களைக் காணுமுன் அவர் வாழ்வை அறிதல் நன்று. எடுத்த படங்கள் ஐந்நூறுக்கு மேல்; எஞ்சியவை ஏறக்குறைய இருநூறு. ஏனையவை அழிந்த கதையும், இவை பிழைத்த கதையும் அறியத்தக்கன.

மெலியே 1861ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி பாரிஸ் நகரிலே பிறந்தார். தந்தையார் சப்பாத்துத் தொழிற்சாலை நடத்திய செல்வர். மகனும் அத்தொழிலையே மேற்கொள்ளல் வேண்டும் என்பது அவர் விருப்பம். மகன் மனமோ ஓவியத்திலும் பொம்மலாட்டத்திலும் ஈடுபட்டிருந்தது. 1884இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கு எகிப்திய மண்டபம் என்னும் அரங்கிலே நிகழ்ந்த செப்படி வித்தைகளைக் கண்டு அவர் உள்ளம் பறிகொடுத்தார். தந்தையார் தொழிலினின்றும் ஓய்வு பெற்றதும், தம் பங்கைச் சகோதரருக்கு விற்று, 1888இல் பாரிஸிலிருந்த றொபேர் ஊடான் மாயவித்தை அரங்கை வாங்கினார். சப்பாத்துத் தொழிலை விட்டு நீங்கிய அவரைச் சப்பாத்து விடாது பின்தொடர்ந்தமையைப் பின்னே காண்போம்.

1895ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் திகதி லூமியேர் சகோதரர் தம் அசையும் படங்களைப் பொதுமக்களுக்கு முதன்முதற் காட்டினர். அதனைக் கண்டோருள் மெலியேயும் ஒருவர். உடனே அக்கருவியை விலைக்குக் கேட்டார். லூமியேர் குடும்பத்தார் கொடுக்க மறுத்தனர். அவர் சோர்ந்தாரல்லர். இலண்டனில் றொபேட் போல் என்பார் செய்த படங்காட்டும் கருவியொன்றை வாங்கி, அதனையே படம்பிடிக்கும் கருவியாகவும் மாற்றியமைத்துக்கொண்டார்.

ஒருநாள் பாரிஸ் வீதியொன்றைப் படம்பிடிக்கையிற் கருவி சிறிது நேரம் இயங்காது நின்றதென்றும், பின்னர் படத்தைத் திரையிட்டபோது பயணிகள் வண்டியொன்று திடீரெனப் பிரேத வண்டியாக மாறியதைக் கண்டாரென்றும் அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். கருவியை நிறுத்திப் பொருளை மாற்றி மீண்டும் இயக்கினால் கண்ணெதிரே மாயம் நிகழும் என்னும் உண்மையை அவர் நன்கு பற்றிக்கொண்டார். 1896இல் எடுத்த ஒரு சிறுபடத்தில், நாற்காலியில் இருந்த பெண்ணொருத்தி மறைகின்றாள்; அவ்விடத்தில் எலும்புக்கூடு தோன்றுகின்றது. மேடையிற் பொறிக்கதவு செய்த வேலையைத் திரையிற் கத்தரிக்கோலும் பசையும் செய்தன.

பாரிஸை அடுத்த மொன்றேய் என்னும் இடத்திற் கூரையும் சுவரும் கண்ணாடியாலான படப்பிடிப்பு மண்டபம் ஒன்றை 1897இல் அமைத்தார். அங்கே கதை வகுப்பவரும், திரைச்சீலை தீட்டுபவரும், நெறிப்படுத்துபவரும், தலைமை நடிகரும் பெரும்பாலும் அவரே. மாயம் ஒன்றே அவர் பொருள் என்று எண்ணுதல் பொருந்தாது. இராணுவ அதிகாரி திரைபூஸ் என்பார் மீது சுமத்தப்பட்ட பொய்ப்பழி பிரான்சையே இரண்டாகப் பிளந்து நின்ற 1899ஆம் ஆண்டிலேயே, அவ்வழக்கைப் பதினொரு பகுதிகளாகப் படமாக்கினார். குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது அவர் கொண்ட இரக்கம் அதிலே தெளிவாகத் தோன்றும்.

அவர் புகழுக்குச் சிகரம் 1902இல் வெளிவந்த ‘சந்திரனுக்கு ஒரு பயணம்’ என்னும் படம். வானநூற் புலவர் சிலர் பீரங்கிக் குண்டொன்றினுள் ஏறிச் சந்திரனுக்குச் செல்கின்றனர். குண்டு சந்திரனுடைய கண்ணிலே சென்று தைக்கின்றது. பதினான்கு நிமிடத்துக்கு மேற்படாத இப்படத்துக்கு அக்காலத்திற் பத்தாயிரம் பிராங்கு செலவாயிற்று. ஆனால் அமெரிக்காவிலே எடிசன் நிறுவனத்தாரும் பிறரும் அதனைத் திருட்டுத்தனமாகப் பிரதி செய்து பெரும்பொருள் ஈட்டினர். உழைத்தவருக்கு அங்கிருந்து கிடைத்தது அற்பமே.

இதனைத் தடுக்கும் பொருட்டு 1903இல் தமையனார் காஸ்தோனை நியூயோர்க்குக்கு அனுப்பிக் கிளையொன்று திறந்தார். அந்நாட்டுப் பதிப்புரிமைக்காகப் படங்களைக் காகிதத்திற் பதித்து வாஷிங்டன் நூலகத்தில் ஒப்படைத்தனர். இரண்டு வில்லைகள் பொருத்திய கருவியாற் படம்பிடித்து, ஒன்றைப் பாரிஸில் வைத்து மற்றதை அமெரிக்காவுக்கு அனுப்பினர். கள்வருக்கு அஞ்சிச் செய்த இக்காவல் பிற்காலத்தில் வேறொரு பெரும்பயன் தந்தது.

காலம் மாறிற்று. மக்கள் நீண்ட கதைகளையும் இயற்கையான காட்சிகளையும் விரும்பினர். மெலியே தம் வழியினின்றும் மாறினாரல்லர். 1911இல் பத்தே நிறுவனத்தாரோடு உடன்படிக்கை செய்து, தம் வீட்டையும் மண்டபத்தையும் ஈடுவைத்தார். அப்படங்கள் பயன்தரவில்லை. 1913இல் மனைவியார் காலமானார். அடுத்த ஆண்டு உலக யுத்தம் மூண்டது. அவருடைய படப்பிரதிகள் நானூறுக்கு மேற்பட்டவற்றைப் பிரெஞ்சு இராணுவம் கைப்பற்றி உருக்கியது. வெள்ளியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய செலுலொயிட்டு சப்பாத்துக் குதிகள் செய்யப் பயன்பட்டது. சப்பாத்துச் செய்ய மறுத்துக் கலையை நாடியவரின் கலை, ஈற்றிற் சப்பாத்தாயிற்று!

1923இல் அவருடைய மாயவித்தை அரங்கு, பெருந்தெரு அமைப்பதற்காக இடிக்கப்பட்டது. மொன்றேய் மண்டபமும் கைவிட்டுப் போயிற்று. வைப்பதற்கு இடமின்றி, ஆற்றாமையும் சினமும் மேலிட, தம்மிடமிருந்த மூலப்படச் சுருள்களைத் தாமே தீயிட்டு எரித்தார். நெருப்புக்கும் நீருக்கும் செல்லுக்கும் இரையாகிய ஏட்டுச் சுவடிகளின் கதையைத் தாமோதரம்பிள்ளை, சாமிநாதையர் முதலியோர் வரலாற்றிலே படித்த நம்மவர்க்கு இச்செய்தி நெஞ்சை வருத்தாது போகாது. ஆக்கியோன் கையாலேயே ஆக்கம் அழிந்தமை எத்துணைக் கொடுமை!

1925இல், தம் பழைய படங்களில் நடித்த ஜெஆன் தல்ஸி அம்மையாரை மணந்து, மொன்பர்னாஸ் புகையிரத நிலையத்தில் விளையாட்டுப் பொருட்களும் இனிப்பும் விற்கும் சிறு கடையில் அமர்ந்தார். வழிப்போக்கர் அவரை அறிந்திலர். சினிமாப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அவரை இனங்கண்டு எழுதிய பின்னரே உலகம் விழித்தது. அழிந்தனவென்று கருதப்பட்ட படங்களுட் சில, மாளிகையொன்றைச் சேர்ந்த பாற்பண்ணையிலே கிடந்து கண்டெடுக்கப்பட்டன. 1929 டிசெம்பரில் பாரிஸ் மண்டபமொன்றில் அவற்றைத் திரையிட்டுப் பெருவிழா எடுத்தனர். 1931இல் அரசாங்கத்தின் உயர் விருது கிடைத்தது. அதனை அணிவித்தவர் லூயி லூமியேர். ஒருகாற் கருவி தர மறுத்த குடும்பத்தின் கையே அன்று மாலை சூட்டியது. அடுத்த ஆண்டு ஓர்லியில் இருந்த கலைஞர் இல்லத்திற் புகலிடம் பெற்று, 1938 ஜனவரி 21ஆம் திகதி மெலியே மறைந்தார்.

அவருடைய பேர்த்தி மட்லேன் அம்மையார், 2018இல் மறையும்வரை பாட்டனாரின் படங்களைத் தேடித் தொகுப்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். அமெரிக்காவுக்கு அனுப்பிய பிரதிகளும், வாஷிங்டனிற் கிடந்த காகிதப் பதிவுகளும், எங்கெங்கோ தனியார் வைத்திருந்த சுருள்களும் வெளிவந்தன. சந்திரப் பயணத்தின் கையால் வண்ணந்தீட்டிய பிரதியொன்று 1993இல் ஸ்பானியாவிற் கிடைத்து, நெடுங்காலம் செப்பனிடப்பட்டு 2011இல் கான் திரைப்பட விழாவிலே காட்டப்பட்டது. ஆக்கியோன் எரித்தும் அழியாது நின்றவை, பல கைகளிற் பரவிய பிரதிகளே என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, வீட்டிற் பார்க்கும் முறையைச் சொல்வேன். முதலில் 1898இல் எடுத்த, ஒருவர் தம் தலையையே கழற்றி மேசைமீது வைக்கும் ஒரு நிமிடப் படத்தைக் காண்க. அடுத்து 1901இன் இறப்பர்த் தலைப் படம்: துருத்தியால் ஊத ஊதத் தலை பெருக்கின்றது. சாய்தளத்தின்மீது நடிகரைக் கருவியை நோக்கி நகர்த்திச் செய்த உத்தி அது. பின்னர் 1903இன் இசைப்பித்தர் படம். இதிலே தலைகள் தந்திக் கம்பியில் இசைக் குறிகளாகத் தொங்கும். அதன்பின் சந்திரப் பயணம். ஈற்றில், 1904இல் புகையிரதம் சூரியனுட் புகும் நெடும்படம். இவையாவும் கூடி ஒரு மணி நேரத்தில் அடங்கும்.

கருவி அசையாது ஓரிடத்திலே நிற்கின்றதே என்று குறைகூறல் வேண்டா. நாடக அரங்கிலே முன்னிருக்கையில் அமர்ந்த பார்வையாளன் கண்ணே அது. பேச்சில்லையே என்றும் வருந்தல் வேண்டா. அந்நாளிற் சந்திரப் பயணத்தைத் திரையிட்ட இடங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொல்லுதல் வழக்கம். புராணபடனத்தில் உரைசொல்லக் கேட்டுப் பழகிய நமக்கு அது புதிதன்று. வீட்டில் மூத்தவர் ஒருவர் கதை சொல்ல, சிறுவர் சூழ்ந்திருந்து காணட்டும். கண்ணிற் குண்டு தைத்த சந்திரனைக் கண்டு அவர்கள் சிரிக்கும் சிரிப்பு, புகையிரத நிலையத்திலே பொம்மை விற்றிருந்த அம்முதியவருக்கு உரிய கடனிற் சிறிதளவையேனும் தீர்க்கும்.