பார்வோனின் நாட்டுக்குத் திரும்பிச் சென்றவர்: ஹாரியட் டப்மனின் விசுவாசம்

1807ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் உழைத்த கறுப்பின அடிமைகளுக்கென்றே தொகுக்கப்பட்ட பதிப்பு அது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேலர் வெளியேறிய வரலாறு அதில் வெட்டி நீக்கப்பட்டிருந்தது. வேலைக்காரர் தம் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற அப்போஸ்தலரின் அறிவுரை மட்டும் பத்திரமாக இடம்பெற்றிருந்தது. வேதத்தின் எந்தப் பக்கம் ஆபத்தானது என்பதை அதைத் தொகுத்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

தமிழில் விசுவாசம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடவுள்மீது கொண்ட அசையாப் பற்றுறுதி ஒன்று. வேலைக்காரன் எஜமானிடம் காட்ட வேண்டியதாகச் சொல்லப்படும் நன்றி மற்றொன்று. அடிமை உடைமையாளர்களின் சமயம் இந்த இரண்டையும் ஒன்றாக்கவே முயன்றது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் அவ்விரண்டையும் வெட்டிப் பிரித்தார். ஒடுக்கப்பட்டோரின் பக்தி அவர்களை முடக்கும் போதையா, எழுப்பும் ஆற்றலா என்ற விவாதம் நம்மிடையே ஓய்ந்தபாடில்லை. அவ்விவாதத்தில் ஈடுபடும் எவரும் ஹாரியட் டப்மனின் வாழ்வைத் தாண்டிச் செல்ல முடியாது.

மேரிலாந்தின் டார்செஸ்டர் வட்டாரத்தில் 1822ஆம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அரமிண்டா. தந்தை பென் ராஸ் மரம் வெட்டும் தொழிலில் தேர்ந்தவர். தாய் ரிட் வீட்டுவேலை செய்தவர். ஒன்பது பிள்ளைகளில் மூன்று பெண்கள் தெற்கத்திய மாநிலங்களுக்கு விற்கப்பட்டுக் காணாமற்போயினர். கடைசி மகனையும் விலைபேசி வாங்க வந்தபோது தாய் அவனை ஒளித்து வைத்தார். வீட்டு வாசலைத் தாண்டி முதலில் நுழைபவனின் தலையைப் பிளந்துவிடுவேன் என்றும் எச்சரித்தார். விற்பனை நின்றது. வேதக் கதைகளைப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்தவரும் இதே தாய்தான். அரமிண்டாவின் இறையியல் கல்வி எங்கே தொடங்கியது என்று கேட்டால், இந்த வாசலைத்தான் காட்ட வேண்டும்.

குழந்தைப் பருவத்திலேயே அயலாரிடம் வாடகைக்கு அனுப்பப்பட்டார். கைக்குழந்தை அழுதால் அவருக்குச் சவுக்கடி விழுந்தது. அந்தத் தழும்புகள் இறுதிவரை மறையவில்லை. பதின்பருவத்தின் தொடக்கத்தில், பக்டவுன் என்னும் ஊரின் கடையில், வேறோர் அடிமையை நோக்கி எறியப்பட்ட இரண்டு பவுண்டு எடைக்கல் அவர் தலையைத் தாக்கியது. மருத்துவம் ஏதுமின்றி இரண்டு நாள் கிடந்தார். பின்னர் குருதி வழிய வயலுக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் நினைவு தப்பும் உறக்கமும் கடுந்தலைவலியும் அவரை விடவில்லை. கனவுகளும் காட்சிகளும் தோன்றின. அவற்றைக் கடவுளின் குரலாகவே அவர் ஏற்றார். வலிப்பு நோயின் விளைவு என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் அந்த நோய் கண்ட அனைவரும் ஆயுதம் தாங்கிய வேட்டைக்காரர்களின் நடுவே பிறரை அழைத்துச் செல்லவில்லை.

1844இல் ஜான் டப்மன் என்ற சுதந்திரக் கறுப்பரை மணந்து, தாயின் பெயரான ஹாரியட்டைத் தம் பெயராக்கிக்கொண்டார். தாய் 45 வயதில் விடுதலை பெற வேண்டும் என்று முந்தைய உடைமையாளரின் உயில் கூறியிருந்ததை, ஐந்து டாலர் கொடுத்து ஒரு வழக்கறிஞர் மூலம் கண்டறிந்தார். உயில் மீறப்பட்டிருந்தது. சட்டத்தில் எழுதியிருப்பது ஒன்று, நடப்பது வேறொன்று என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1849இன் தொடக்கத்தில் நடந்ததை நிதானமாகக் காண வேண்டும். உடைமையாளர் எட்வர்ட் பிராடஸ் நோயுற்றிருந்தார். ஹாரியட்டை விற்க ஆள் தேடிக்கொண்டுமிருந்தார். அந்த மனிதரின் மனத்தை மாற்றுமாறு ஹாரியட் இரவும் பகலும் ஜெபித்தார். ஒடுக்குபவர் மனந்திரும்ப வேண்டும் என்ற இந்த ஜெபத்தை எல்லா மேடைகளும் போற்றும். ஆனால் தாமும் சகோதரர்களும் தெற்கே விற்கப்படப்போவது உறுதி என்று கேள்விப்பட்டதும் அவர் ஜெபத்தை மாற்றினார். மனம் மாறாவிட்டால் அந்த மனிதரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் வேண்டினார். சில நாட்களில் பிராடஸ் இறந்தார். அந்த வேண்டுதலுக்காக ஹாரியட் பின்னர் வருந்தினார் என்பதும் உண்மை. அவர் கதையைப் பக்திநூலாக்குவோர் இந்த இரண்டாம் ஜெபத்தைத் தயக்கத்துடன் கடந்துபோவதுண்டு. எனக்கோ அவருடைய விசுவாசத்தின் நேர்மை அங்கேதான் தெரிகிறது. கோபத்தை மறைத்துக்கொண்டு பேச வேண்டிய எஜமானராக அவர் கடவுளைக் கருதவில்லை.

உடைமையாளர் இறந்தால் கடனை அடைக்க அடிமைகள் விற்கப்படுவர். செப்டம்பரில் இரு சகோதரர்களுடன் தப்பினார். அவர்களைப் பிடித்துத் தருவோருக்கு, ஆள் ஒன்றுக்கு 100 டாலர் வரை பரிசளிப்பதாக நாளிதழில் விளம்பரம் வந்தது. சகோதரர்கள் அஞ்சித் திரும்பினர். அவரையும் திருப்பி அழைத்து வந்தனர். சிறிது காலத்தில் தனியே புறப்பட்டார். வடமீனைப் பார்த்து, இரவுகளில் நடந்து, ஏறத்தாழ 90 மைல் தொலைவிலிருந்த பிலடெல்பியாவை அடைந்தார். விடுதலை நிலத்தில் தம்மை வரவேற்க ஒருவரும் இல்லை என்ற தனிமை அங்கே அவரைத் தாக்கியது. குடும்பம் அடிமை நிலத்தில் இருக்கும்வரை தம் விடுதலை முழுமையடையாது என்று அவர் முடிவு செய்தார்.

அடுத்த ஆண்டு, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வட மாநிலங்களையும் கட்டாயப்படுத்தும் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே, ஏலத்துக்கு வந்த தம் உடன்பிறந்தாரின் மகளையும் அவருடைய இரு பிள்ளைகளையும் மீட்கத் திட்டமிட்டுக் கொடுத்தார். அதன்பின் பத்தாண்டுகளில் சுமார் 13 முறை மேரிலாந்துக்குத் திரும்பி, ஏறத்தாழ 70 பேரை மீட்டார். 19 பயணம், 300 பேர், 40,000 டாலர் பரிசு என்ற எண்கள் பிற்காலத்தில் ஊதிப் பெருக்கப்பட்டவை. 70 என்பதே போதுமானது. ஒவ்வொரு முறையும் கழுத்தைப் பணயம் வைத்தே சென்றார்.

எல்லாம் தெய்வச்செயல் என்று அவர் சொல்வார். ஆனால் அவருடைய தெய்வம் அட்டவணையோடு செயல்பட்டது. இரவு நீண்ட குளிர்காலத்தைத் தேர்ந்தார். பெரும்பாலும் சனிக்கிழமை இரவில் புறப்பட்டார். ஞாயிறு கழிந்த பிறகே விளம்பரம் அச்சேற முடியும். கைக்குழந்தைகள் அழாதிருக்க அபின் கலந்த மருந்து கொடுத்தார். துப்பாக்கி வைத்திருந்தார். பாதி வழியில் திரும்ப நினைத்தவரால் அனைவரும் பிடிபடுவர் என்பதால், அதை அவர்களை நோக்கியும் நீட்டினார். செலவுக்கான பணத்தைச் சமையல் வேலை செய்து சேர்த்தார். காட்டைப் படிக்கும் கலையைத் தந்தையுடன் மரம் வெட்டிய நாட்களிலேயே கற்றிருந்தார்.

வில்மிங்டன் நகரில் தாமஸ் காரெட் என்ற குவேக்கர் வணிகர் ஓடிவந்தோருக்கு அடைக்கலம் தந்தார். ஒருநாள் ஹாரியட் அவரிடம் வந்து, தமக்கு வேண்டிய 23 டாலர் அவரிடம் இருப்பதாகக் கடவுள் தெரிவித்தார் என்றார். சற்று முன்னர்தான், ஹாரியட்டுக்கென்று ஸ்காட்லாந்திலிருந்து வந்த தொகை காரெட்டின் கைக்குக் கிடைத்திருந்தது. அது 24 டாலரும் சில்லறையும். கடவுளின் குரலை இத்தனை உறுதியாக நம்பிய வேறொருவரைத் தாம் கண்டதில்லை என்று காரெட் பின்னாளில் எழுதினார். அற்புதம் என்று நம்புவோர் நம்பட்டும். கடலுக்கு அப்பால் அடிமை ஒழிப்புக்காகப் பணம் திரட்டியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

1854 கிறிஸ்துமஸ் அவருடைய பயணங்களில் மிகவும் மனத்தைப் பிழிவது. பண்டிகைக்கு மறுநாள் மூன்று சகோதரர்கள் விற்கப்படவிருந்தனர். எழுத்தறிந்த ஜேக்கப் ஜாக்சன் என்ற சுதந்திரக் கறுப்பருக்கு ஹாரியட் ஒரு கடிதம் எழுதச் செய்தார். பக்தி வாசகம் போலத் தோன்றிய அதில், சகோதரர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற செய்தி பொதிந்திருந்தது. அஞ்சலைப் பிரித்துப் படித்த வெள்ளையர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜாக்சன் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, தமக்கும் விளங்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் செய்தி சொல்ல ஓடினார். விடுதலையின் சங்கேத மொழியாக வேதம் பயன்பட்ட விதம் இது.

பெற்றோரின் குடிசைக்கு அருகே, கால்நடைத் தீவனம் வைக்கும் கொட்டகையில் அவர்கள் மறைந்திருந்தனர். பண்டிகை விருந்துக்கு மகன்கள் வருவார்கள் என்று தாய் ரிட் அடிக்கடி வெளியே வந்து, கண்ணுக்குமேல் கைவைத்துச் சாலையைப் பார்த்தார். பலகை இடுக்கு வழியே பிள்ளைகள் அதைப் பார்த்தபடி இருந்தனர். தாய் அறிந்தால் கதறி ஊரைக் கூட்டிவிடுவார் என்பதால் சொல்ல முடியவில்லை. தந்தைக்கு மட்டும் தெரியும். அவர் உணவு கொண்டுவந்தார். பிள்ளைகளைப் பார்த்தாயா என்று கேட்டால் இல்லை என்று உண்மையாகச் சொல்ல வேண்டுமே என்று கண்களைத் துணியால் கட்டிக்கொண்டார். கட்டிய கண்களோடு சிறிது தூரம் உடன் நடந்து, காலடியோசை மறையும்வரை அங்கேயே நின்றார். பொய் சொல்லக் கூடாது என்ற கட்டளையையும் மீறாமல், பிள்ளைகளையும் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்த முதியவர் கண்ட வழி அது. 1857இல் அந்தப் பெற்றோரையும் ஹாரியட் கனடாவுக்கு அழைத்துச் சென்றார்.

எல்லா ஜெபமும் இப்படி நிறைவேறவில்லை. 1851இல் கணவரை அழைக்கச் சென்றபோது அவர் வேறொரு பெண்ணை மணந்திருந்தார். தங்கை ரேச்சலை மீட்கப் பல ஆண்டுகள் முயன்றார். 1860இன் இறுதியில் போனபோது ரேச்சல் இறந்துவிட்டிருந்தார். அவருடைய இரு பிள்ளைகளை மீட்கக் கையூட்டாக 30 டாலர் தேவைப்பட்டது. அந்தப் பணம் அவரிடம் இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு, காத்திருந்த வேறொரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு திரும்பினார். காரெட்டிடம் 23 டாலர் கிடைத்த கதையைச் சொல்பவர்கள் இந்த 30 டாலரையும் சொல்ல வேண்டும்.

உள்நாட்டுப் போரில் தென் கரோலினாவில் செவிலியாகவும் உளவாளியாகவும் பணியாற்றினார். 1863 ஜூன் தொடக்கத்தில், கம்பாஹி ஆற்றில் கர்னல் மாண்ட்கோமரியின் கறுப்பினப் படையை அவரும் அவருடைய உளவுக்குழுவும் வழிநடத்தினர். அந்த ஓர் இரவில் 750க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றனர். அந்தத் தாக்குதலுக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் ஜோதிராவ் ஃபுலே தம் குலாம்கிரி நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த அமெரிக்க மக்களில் நெல்வயலிலிருந்து படகை நோக்கி ஓடிவந்தவர்களையும், அவர்களுக்கு வழிகாட்டிய இந்தப் பெண்ணையும் நாம் முதலில் எண்ண வேண்டும்.

போர் முடிந்து ஊர் திரும்பிய இரயிலில், அவர் தம் பெட்டியை விட்டு வெளியேற மறுத்தார். நடத்துநரும் சில பயணிகளும் அவரை இழுத்துத் தள்ளியதில் கை முறிவுற்றது. போர்ப்பணிக்கான ஓய்வூதியத்தைப் பல ஆண்டுகள் அரசு மறுத்தது. இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸ் படைவீரராக இருந்ததால், விதவை என்ற வகையில் 1895இல் மாதம் எட்டு டாலர் கிடைத்தது. 1899இல்தான், செவிலிப் பணியையும் கருதி, அது 20 டாலராக உயர்ந்தது. அவர் ஓட்டிய படைநடவடிக்கைக்கு ஒரு காசும் கணக்கில் வரவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் அவருடைய வீடு எப்போதும் ஆதரவற்றோரால் நிறைந்திருந்தது. 1896இல் பக்கத்திலிருந்த 25 ஏக்கர் நிலத்தை ஏலத்தில் எடுத்து, முதியோருக்கும் ஏழைகளுக்கும் இல்லம் அமைக்க முனைந்தார். பொறுப்பைச் சுமக்க முடியாமல், 1903இல் அதைத் தம் திருச்சபையான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சீயோன் சபைக்கு அளித்தார். 1908இல் இல்லம் திறக்கப்பட்டபோது, சேர்வோர் 100 டாலர் கட்ட வேண்டும் என்று சபை விதி வகுத்தது. அது அவருக்குக் கோபமூட்டியது. கையில் பணம் இல்லாதவர் மட்டுமே உள்ளே வரலாம் என்பதுதான் விதியாக இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1911இல் நடக்க இயலாத நிலையில், கையில் பணமின்றி, அவரே அந்த இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1913 மார்ச் 10 அன்று, உறவினரும் நண்பர்களும் சூழ்ந்திருக்க, நிமோனியாவால் இறந்தார்.