காற்பந்து லீக்கிற்கு வித்திட்ட துணிக்கடைக்காரர் வில்லியம் மெக்கிரகோர்

சனிக்கிழமை இரவு பத்து, பதினோரு மணி ஆகிவிட்டால் நம் ஊர் மாமாக் கடைகளில் நாற்காலி கிடைப்பது சிரமம். தே தாரிக் ஒரு கையிலும் கைத்தொலைபேசி மறு கையிலுமாக, இங்கிலாந்து பிரிமியர் லீக் ஆட்டம் எப்போது தொடங்கும் என்று காத்திருப்பவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு, பட்டணத்துப் பெரியவர்களும் உண்டு. இந்த வாரம் யாருக்கு எதிராக யார், எந்தத் திடலில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அட்டவணையில் முன்கூட்டியே இருக்கிறது. எந்தக் குழு மேலே, எந்தக் குழு கீழே, யார் அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவுக்கு இறங்கப் போகிறார் என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

இந்த அட்டவணை ஒரு காலத்தில் இல்லை. அதை உண்டாக்கியவர் பெரிய ஆட்டக்காரரோ பிரபுவோ அல்லர். பர்மிங்ஹாம் நகரில் துணிக்கடை நடத்திய ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவர் பெயர் வில்லியம் மெக்கிரகோர்.

ஸ்காட்லாந்திலிருந்து பர்மிங்ஹாமுக்கு

மெக்கிரகோர் 1846ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் வட்டாரத்தில் உள்ள பிராக்கோ என்ற சிற்றூரில் பிறந்தார். பெர்த் நகரில் துணி வியாபாரம் பழகினார். 1870இல், பிழைப்பைத் தேடிப் பலரும் தெற்கு நோக்கிப் போனதுபோல், அவரும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்டன் பகுதிக்கு அருகே சம்மர் லேன் சாலையில் தம் சகோதரருடன் சேர்ந்து துணிக்கடை திறந்தார்.

அது தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். வாரம் முழுதும் இரும்போடும் புகையோடும் மல்லுக்கட்டிய தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல்தான் ஓய்வு. அந்த அரைநாளில் அவர்கள் நாடியது காற்பந்துத் திடல். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தோட்டத்துத் திடலைச் சுற்றி நின்று ஆட்டம் பார்த்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்டன் பகுதியில் 1874இல் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த இளைஞர்கள் தொடங்கிய குழுதான் ஆஸ்டன் வில்லா. கிரிக்கெட் ஆடிக் கொண்டிருந்தவர்கள், குளிர்காலத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகக் காற்பந்தில் இறங்கினார்கள். அதில் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். சொந்த ஊர்க்காரர்கள் ஆடுகிறார்கள் என்றதும் மெக்கிரகோரின் மனம் அந்தப் பக்கம் போனது. 1877இல் அவர் வில்லாவின் நிர்வாகப் பணிகளில் சேர்ந்தார்.

அவர் பேர்பெற்ற ஆட்டக்காரர் அல்லர். ஆனால் கணக்கு வழக்கு தெரிந்தவர். மதுவைத் தொடாதவர். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுபவர். அவருடைய கடையில் காற்பந்து உடைகளும் விற்கப்பட்டன. நாளடைவில் அந்தக் கடையே ஊர்க் காற்பந்து அன்பர்கள் கூடிப் பேசும் இடமாகிவிட்டது.

சம்பளம் வந்தது, சங்கடமும் வந்தது

அந்தக் காலத்தில் பணம் வாங்கிக் கொண்டு காற்பந்து ஆடுவது குற்றமாகக் கருதப்பட்டது. லண்டனில் இருந்த காற்பந்துச் சங்கத்தின் தலைமை வசதி படைத்தவர்கள் கையில் இருந்தது. ஆட்டம் என்பது பொழுதுபோக்கு, அதற்குக் கூலி கேட்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சோற்றுக்கு வழியில்லாத தொழிலாளி, அரைநாள் விடுப்பு எடுத்து வெளியூரில் போய் ஆடுவது எப்படி? வடக்கே லங்கஷயர் வட்டாரக் குழுக்கள் மறைமுகமாகப் பணம் கொடுத்தன.

1884இல் விவகாரம் வெடித்தது. ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததாகப் பிரெஸ்டன் நார்த் எண்ட் குழுமீது புகார் எழுந்தது. அக்குழுவை நடத்திய வில்லியம் சூடெல் மறைக்காமல் ஒப்புக் கொண்டார். பிரெஸ்டன் எஃப்.ஏ. கிண்ணப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் வடக்கே இருந்த குழுக்கள் பிரிந்து போய்விடும் நிலை வந்ததும் சங்கம் இறங்கி வந்தது. 1885 ஜூலையில் சம்பளத்திற்கு ஆடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது.

உரிமை கிடைத்தது. ஆனால் வாராவாரம் சம்பளம் கொடுக்க வேண்டுமே! நுழைவுக் கட்டணம்தான் ஒரே வருமானம். அந்த வருமானத்திற்கோ உத்தரவாதம் இல்லை. கிண்ணப் போட்டியில் ஒரு குழு தோற்றுவிட்டால் அதோடு சரி. மற்ற நாட்களில் நட்புமுறை ஆட்டங்கள்தான். கிண்ண ஆட்டம் குறுக்கே வந்தாலும், வேறு ஊரில் கூடுதல் பணம் கிடைத்தாலும், ஒப்புக் கொண்ட குழு வராமலே போய்விடும். வந்தாலும் பாதிப் பேர் இரண்டாந்தர ஆட்டக்காரர்களாக இருப்பார்கள். கூலியைச் சேர்த்து வைத்துக் கொண்டு திடலுக்கு வந்த தொழிலாளி ஏமாந்து திரும்புவான். கூட்டம் குறைந்தால் அடுத்த வாரச் சம்பளத்திற்கு எங்கே போவது?

துணிக்கடைக்காரரான மெக்கிரகோருக்கு இது நன்றாகப் புரிந்தது. வாடிக்கையாளர் நம்பி வரும் நாளில் கடை பூட்டிக் கிடந்தால் வியாபாரம் எத்தனை நாள் ஓடும்?

ஒரு கடிதம்

1888 மார்ச் 2ஆம் தேதி அவர் பேனாவை எடுத்தார். பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்டன் வாண்டரர்ஸ், பிரெஸ்டன் நார்த் எண்ட், வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் ஆகிய குழுக்களுக்குக் கடிதம் எழுதினார். சொந்தக் குழுவான வில்லாவுக்கும் அதை அனுப்பினார். பத்துப் பன்னிரண்டு முன்னணிக் குழுக்கள் ஒன்று சேர வேண்டும்; ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு குழுவும் மற்றக் குழுவோடு சொந்தத் திடலில் ஒருமுறையும் எதிரணியின் திடலில் ஒருமுறையும் கட்டாயம் ஆட வேண்டும் என்பதே அவர் யோசனை.

அந்த மாதம் 23ஆம் தேதி, எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்திற்கு முந்தைய நாள், லண்டன் ஆண்டர்டன்ஸ் ஹோட்டலில் கூட்டம் நடந்தது. தென்பகுதிக் குழுக்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஏப்ரல் 17ஆம் தேதி மென்செஸ்டர் ராயல் ஹோட்டலில் மீண்டும் கூடி அமைப்பை உருவாக்கினார்கள்.

பெயர் வைப்பதிலும் ஒரு சிக்கல். லீக் என்ற சொல் மெக்கிரகோருக்குப் பிடிக்கவில்லை. அயர்லாந்தில் நில உரிமைக்காகப் போராடிய அமைப்புகளுக்கும் அதே பெயர் இருந்ததால், அரசியல் வாடை அடிக்கும் என்று தயங்கினார். அவர் வேறு பெயர் சொன்னார். அது ரக்பி சங்கத்தின் பெயரைப் போல் இருக்கிறது என்று மற்றவர்கள் ஏற்கவில்லை. அவருக்குப் பிடிக்காத ஃபுட்பால் லீக் என்ற பெயரே நிலைத்தது. உலகில் இன்று எத்தனையோ போட்டிகளுக்கு அந்தச் சொல்தான் பெயர்!

முதல் பருவம்

சேர்ந்தவை பன்னிரண்டு குழுக்கள். லங்கஷயரிலிருந்து அக்ரிங்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, எவர்ட்டன், பிரெஸ்டன் ஆகிய ஆறு. நடுப்பகுதியிலிருந்து ஆஸ்டன் வில்லா, டெர்பி கவுண்டி, நோட்ஸ் கவுண்டி, ஸ்டோக், வெஸ்ட் புரோம்விச், வோல்வர்ஹாம்டன் ஆகிய ஆறு. ஆடுவதற்கு 22 நாட்களே ஒதுக்க முடிந்ததால் பன்னிரண்டுக்குமேல் இடமில்லை. சேரக் கேட்ட சில குழுக்கள் வெளியே நின்றன.

1888 செப்டம்பர் 8ஆம் தேதி ஆட்டங்கள் தொடங்கின. மெக்கிரகோரின் வில்லா, வோல்வர்ஹாம்டனோடு 1-1 எனச் சமநிலை கண்டது. வேடிக்கை என்னவென்றால், பருவம் தொடங்கியபோது புள்ளிகளை எப்படிக் கணக்கிடுவது என்றே முடிவாகவில்லை. நவம்பரில்தான் வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1 என்று தீர்மானித்தார்கள்.

முதல் வெற்றியாளர் பிரெஸ்டன். 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 சமநிலை, ஒரு தோல்விகூட இல்லை. 40 புள்ளிகள். வில்லா 29 புள்ளிகளோடு இரண்டாம் இடம். அதே பருவத்தில் பிரெஸ்டன் ஒரு கோல்கூட விடாமல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் சம்பளம் கொடுத்ததற்காக வெளியேற்றப்பட்ட குழு அது.

கடைசி நான்கு இடங்களைப் பிடித்தவர்கள், அடுத்த ஆண்டு தங்களைச் சேர்த்துக் கொள்ளும்படி மற்றவர்களின் வாக்கைக் கேட்டு நிற்க வேண்டும் என்பது விதி. முதல் ஆண்டு நால்வரும் தப்பினர். மறு ஆண்டு ஸ்டோக் இடம் இழந்தது. சண்டர்லாந்து உள்ளே வந்தது.

ஏற்றமும் இறக்கமும்

லீக்கின் வெற்றியைப் பார்த்து வெளியே நின்ற குழுக்கள் தங்களுக்கென வேறோர் அமைப்பைத் தொடங்கின. 1892இல் இரண்டும் இணைந்தன. முதல் பிரிவில் 16 குழுக்கள், இரண்டாம் பிரிவில் 12. அதுவரை தலைவராக இருந்த மெக்கிரகோர் பின்னர் கௌரவத் தலைவர் பொறுப்பை ஏற்றார்.

யார் ஏறுவது, யார் இறங்குவது என்பதை முடிவு செய்ய, மேல் பிரிவில் கடைசியில் வந்தவர்களும் கீழ்ப் பிரிவில் முன்னணியில் வந்தவர்களும் தேர்வாட்டம் ஆட வேண்டும். 1893இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்ற ஸ்மால் ஹீத், முதல் பிரிவில் கடைசியாக வந்த நியூட்டன் ஹீத்திடம் தோற்று, ஏற முடியாமல் போனது. ஸ்மால் ஹீத் இன்றைய பர்மிங்ஹாம் சிட்டி. நியூட்டன் ஹீத் வேறு யாருமல்ல, இன்றைய மென்செஸ்டர் யுனைடெட். மறு ஆண்டு அந்த அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. தேர்வாட்டத்தில் அவர்களைத் தோற்கடித்து மேலே ஏறிய குழு லிவர்பூல். இந்த இரண்டு குழுக்களின் ரசிகர்களும் நம் ஊரில் இன்னமும் வாதாடுகிறார்கள். கதை அங்கிருந்தே தொடங்குகிறது.

இறக்கத்தைத் தாங்க முடியாதவர்களும் உண்டு. தொடக்கப் பன்னிருவரில் ஒன்றான அக்ரிங்டன், 1893 தேர்வாட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம் தோற்றது. இரண்டாம் பிரிவில் ஆடுவதைவிட விலகுவதே மேல் என்று லீக்கை விட்டே போனது. சில ஆண்டுகளில் அந்தக் குழு இல்லாமலே போய்விட்டது.

1898இல் வேறொரு கூத்து. கடைசித் தேர்வாட்டத்தில் ஸ்டோக், பர்ன்லி இரண்டுக்கும் சமநிலையே போதும் என்ற நிலை. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. ஊர் சிரித்தது. தேர்வாட்ட முறை கைவிடப்பட்டு, இரண்டு குழு தாமாக ஏறும், இரண்டு குழு தாமாக இறங்கும் முறை வந்தது.

ஒரு மனிதர், ஒரு கடை

இந்த ஆண்டுகளில் மெக்கிரகோரின் வில்லா இங்கிலாந்தின் மிகப் பெரிய குழுவாக வளர்ந்தது. 1894 முதல் 1900 வரை ஐந்து முறை லீக் வெற்றியாளர். 1897இல் லீக், கிண்ணம் இரண்டும் ஒரே பருவத்தில். லீக் அவரைத் தன் முதல் ஆயுட்கால உறுப்பினராக ஏற்றுக் கௌரவித்தது.

எல்லாமே நன்மையாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது. ஆட்டக்காரருக்கு வாராவாரம் வருமானம் உறுதியானது உண்மை. ஆனால் குழுக்கள் ஒன்றுபட்டதால் முதலாளிகளின் கையும் ஓங்கியது. ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய குழு விடுவிக்காவிட்டால் ஆட்டக்காரர் வேறு குழுவுக்குப் போக முடியாது. 1901 முதல் வாரத்திற்கு 4 பவுனுக்குமேல் யாருக்கும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற காற்பந்துச் சங்கத்தின் கட்டுப்பாடும் சேர்ந்தது. சம்பள உச்சவரம்பு 1961இல்தான் ஒழிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, கணக்குத் தீராமல் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கானோர் கைதட்டும் திடலிலும் அந்தக் கட்டு இருந்தது.

மெக்கிரகோர் 1911 டிசம்பர் 20ஆம் தேதி பர்மிங்ஹாமில் காலமானார். ஹேண்ட்ஸ்வர்த் செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கி வைத்த 12 குழுக்கள் இன்று நான்கு பிரிவுகளில் 92 ஆகிவிட்டன. 1992இல் முதல் பிரிவு தனியே பிரிந்து பிரிமியர் லீக் ஆனது. 2009இல் வில்லா பார்க் திடலுக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள்.

நம் நாட்டிலும் சம்பளம் பாக்கி வைத்து மூடப்பட்ட குழுக்களைப் பார்த்திருக்கிறோம். பருவம் தொடங்குமுன் காணாமல் போன குழுக்களையும் பார்த்திருக்கிறோம். அப்போதெல்லாம் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது ஆட்டக்காரன்தான். சொன்ன நாளில் வர வேண்டும், முழுக் குழுவோடு வர வேண்டும், பார்க்க வந்தவரை ஏமாற்றக் கூடாது. மெக்கிரகோர் கடிதத்தில் கேட்டது இவ்வளவுதான். ஒரு நல்ல கடைக்காரர் தம் வாடிக்கையாளருக்குத் தினமும் செய்வதும் அதுதானே!