அளவறிந்த அருள்வாழ்வு

ஸ்பெயின் நாட்டின் லொயோலாவில் 1491ஆம் ஆண்டு பிறந்த இஞ்ஞாசியார், படைக்கலப் புகழை விரும்பி வளர்ந்தவர். 1521இல் பம்பலோனா கோட்டையைக் காத்து நின்றபோது பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. நோய்ப்படுக்கையில் கிறித்துவின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் படித்தார். இறைப்பணிக்கே வாழ்வை ஒப்படைக்கத் துணிந்தார்.

அடுத்த ஆண்டு மன்ரேசா என்னும் ஊரில் கடுந்தவம் மேற்கொண்டார். முடியும் நகமும் களையவில்லை, நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டு வேண்டினார், உணவைச் சுருக்கினார். உடல் நலிந்தது, உள்ளமும் அமைதி இழந்தது. மிகைத்தவம் பயன் தராது என்பதைப் பட்டறிவால் தெளிந்து, அக்கடுமையைத் தளர்த்தினார்.

பின்னர், 33ஆம் வயதில், பார்சிலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். பாடத்தை மனனம் செய்ய அமரும்போதெல்லாம் இனிய இறைச்சிந்தனைகள் பெருகிக் கல்வியைத் தடுத்தன. வேண்டுதல் வேளையிலும் தோன்றாத இன்பம் பாடவேளையில் மட்டும் தோன்றுவது ஏன் என்று ஆராய்ந்தார். நன்மையின் வடிவில் வந்த இடையூறே அது என உணர்ந்தார். ஆசிரியரிடம் சென்று, இரண்டு ஆண்டுகள் தவறாது பாடம் கேட்பதாக உறுதியளித்தார். அதன்பின் அத்தடை நீங்கியது.

பாரிசு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், தோழர்களுடன் இணைந்து நிறுவிய இயேசு சபைக்கு 1540இல் திருத்தந்தையின் ஏற்பு கிடைத்தது. கற்கும் இளந்துறவியர் வேண்டுதலை நீட்டிப் படிப்பைக் குறைப்பதை அவர் ஏற்கவில்லை. இறைவனுக்காகக் கற்பதும் வழிபாடே எனக் கருதினார். நோன்பால் மெலிந்த பிரான்சிசு போர்ஜியாவுக்கு, உடலைப் பேணுமாறு 1548இல் மடல் எழுதினார். தாம் வருந்திக் கற்ற அளவைப் பிறர் வருந்தாமல் கற்க வழிகாட்டிய அவர், 1556இல் உரோமையில் மறைந்தார்.