நகையினிடையே அச்சம் காத்த நடிகர்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்தார். அவற்றுள் எள்ளல் முதலியவற்றால் நகை பிறக்கும் என்றும், அணங்கு, விலங்கு முதலியவற்றால் அச்சம் பிறக்கும் என்றும் கூறினார். தம்முள் மாறுபட்ட இவ்விரு மெய்ப்பாடுகளுக்கும் இடையே வாழ்நாளைக் கழித்த நடிகர் ஒருவர் உளர். அவரே பெலா லுகோசி.

இவர் 1882ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள், அக்காலத்தில் ஹங்கேரி அரசுக்கு உட்பட்டிருந்த லுகோஸ் நகரிற் பிறந்தார். அந்நகர் இன்று ருமேனியாவில் உள்ளது. ஊர்ப் பெயரையே தம் மேடைப் பெயராக்கிக் கொண்டார். புடாபெஸ்டு தேசிய நாடக அரங்கில் நடித்தார்; முதல் உலகப் போரிற் படைவீரராகவும் பணியாற்றினார். 1919ஆம் ஆண்டுப் புரட்சியின்போது நடிகர் சங்கத்தை அமைப்பதில் முன்னின்றார். புரட்சி அரசு வீழ்ந்ததும் தாய்நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. 1920இல் அமெரிக்கா சேர்ந்தார். ஆங்கிலம் அறியாராதலின், அங்கு முதலில் ஏற்ற வேடங்களின் உரைகளை ஒலியளவிலேயே மனனஞ் செய்து நடித்தார்.

1927இல் நியூயோர்க் மேடையில் டிராக்குலா என்னும் இரத்தக்காட்டேரி வேடம் இவரைப் புகழேணியில் ஏற்றியது. 1931இல் அந்நாடகம் திரைப்படமாயிற்று. படநிறுவனம் பெரும்பொருள் ஈட்ட, இவர் பெற்ற ஊதியம் 3,500 டொலர் மட்டுமே. அயல்நாட்டு ஒலிப்பும் கரிய மேலங்கியும் அன்று முதல் இவரைப் பற்றிக்கொண்டன. வேறு வேடந் தருவார் அரியராயினர்.

1940களின் நடுவில் அதே நிறுவனம் டிராக்குலா வேடத்தைப் பிறர் ஒருவருக்கு அளித்தது. 1948இல் அபட், கொஸ்டெல்லோ என்னும் நகைச்சுவை இணையர் நடித்த படத்திலேதான் அவ்வேடம் இவரிடம் மீண்டது. முழுநீளத் திரைப்படங்களில் இவர் டிராக்குலாவாகத் தோன்றியது அவ்விருமுறையே. தாம் உருவாக்கிய அச்சம் நகைப்பொருளாகும் இடத்தில் நின்றும், இவர் ஓரிடத்தேனும் தம் வேடத்தை எள்ளி நடித்தாரல்லர். பேய் பேயாகவே நின்றமையாற்றான் அஞ்சுவோனின் நடுக்கம் நமக்கு நகையாயிற்று.

1952இல் வந்த புரூக்ளின் கொரில்லாப் படமோ, இரண்டு கிழமைக்கும் குறைந்த காலத்திற் சிறுபொருட் செலவில் எடுக்கப்பட்டது. புகழ்பெற்ற நகைச்சுவை இணையர் மார்ட்டின், லூயிஸ் ஆகியோரைப் போலி செய்த இளைஞர் இருவர் அதில் நடித்தனர். தீவொன்றில் வாழ்ந்து மனிதனைக் குரங்காக்கும் விஞ்ஞானி வேடம் லுகோசிக்கு. படத்தின் தலைப்பிலேயே இவர் பெயரை வைத்து விற்றனர். எழுபது வயதை நெருங்கிய முதியவர், கந்தல் மேடையிலும் தம் பழைய மிடுக்கைத் தளரவிடவில்லை.

நரம்புநோவைத் தணிக்க உட்கொண்ட மோர்பின் மருந்துக்கு இவர் அடிமையாகியிருந்தார். 1955இல் தாமே வலிய மருத்துவமனை புகுந்து சிகிச்சை பெற்றார். உற்ற இழிவை உலகறிய ஒப்புக்கொள்ளும் துணிவு எளிதன்று. 1956 ஓகஸ்டு 16ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிசில் மறைந்தார். குடும்பத்தினர் டிராக்குலாவின் மேலங்கியை அணிவித்தே அடக்கஞ் செய்தனர்.

1994இல் வெளிவந்த திரைப்படத்தில் இவரது முதுமையை நடித்துக் காட்டிய மார்ட்டின் லாண்டோ ஓஸ்கார் விருது பெற்றார். வாழ்நாளில் லுகோசி பெறாத சிறப்பு அது. சிறிய அரங்கு தம் தொழிலைச் சிறிதாக்க அவர் இடங்கொடுத்திலர். அவர் பெயர் நிலைத்தற்குக் காரணம் அதுவே.