ஏற்றம் தணித்தவர்

பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்குச் செல்லும் வீதி ஏறத்தாழ ஏழு மைல் நீளம் உடையது. புறப்படும் இடம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 4,000 அடி. போய்ச் சேரும் இடம் சுமார் 4,700 அடி. எழுநூறு அடி ஏற்றத்தை ஏழு மைலுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கின்றது இவ்வீதி. பஸ் வண்டியில் அமர்ந்து செல்வோருக்கு இக்கணக்கினால் ஆவது ஒன்றுமில்லை. துவிச்சக்கரவண்டியின் மிதியை மிதித்துச் செல்பவனோ இதனைத் தன் முழங்காலால் அறிவான். நான் அவ்வாறு அறிந்தவன்.

2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் நாடெங்கும் வண்டிகள் நின்றபோது, ஐம்பது வயதைக் கடந்த தமிழாசிரியனாகிய நான், வீட்டின் பின்புறத்தே சாய்ந்து கிடந்த பழைய துவிச்சக்கரவண்டியைத் துடைத்து, எண்ணெயிட்டு, அதிலேறிப் பாடசாலைக்குச் செல்லத் தொடங்கினேன். அந்நாட்களில் வீதியிலே நிலவிய அமைதியை அதற்கு முன் நான் கண்டதில்லை. மேல்மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்வது கீழே கேட்டது. வடிகானில் நீர் ஓடும் ஒலி கேட்டது. தூரத்துக் கோயில் மணி வளைவுக்கு வளைவு மறைந்தும் வெளிப்பட்டும் உடன் வந்தது. எரிபொருள் வந்தது; வண்டிகளும் வந்தன. எனினும் பழகிய காலும் காதும் அமைதியை நாடின. விடுமுறை நாட்களிற் பூனாகலைப் பாதையிலும், அப்புத்தளையிலிருந்து தம்பத்தன்னைக்குத் தேயிலையினூடே செல்லும் பாதையிலும் விடியுமுன் சென்று வருதலை வழக்கமாக்கிக் கொண்டேன்.

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம், மலையை யானையாக உருவகித்து, அதனிடத்தே எழும் பல்வேறு ஓசைகளை மதநீராகக் கொண்டு பெயர் பெற்ற நூல். கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் பெருங்கௌசிகனார், வழியின் இனிமையைக் கூறுவதோடு அதன் இடர்களையும் மறையாது கூறுவார். இருபத்தைந்து ஆண்டுகள் அந்நூலைக் கற்பித்தும், மலைவழி இத்தகையது என்பதை வண்டி மிதித்த பின்னரே நன்கு உணர்ந்தேன். நம் மலைநாட்டு வீதிகளோடு நீங்காத் தொடர்புடைய ஒருவரின் வாழ்க்கையை இங்கே கூறப் புகுகின்றேன். புலவர் காட்டிய நெறிப்படி இனிமையையும் இடரையும் ஒருங்கே கூறுவேன். அவர் மேஜர் தோமஸ் ஸ்கின்னர்.

ஸ்கின்னர் 1804ஆம் ஆண்டில் வட அமெரிக்காவை அடுத்துள்ள நியூபவுண்லாந்துத் தீவிலே பிறந்தார். தந்தையார் பீரங்கிப் படையின் அதிகாரி. அவர் திருகோணமலையிற் பணிபுரிந்த காரணத்தால் மகன் 1818இல், பதினான்கு வயதுச் சிறுவனாக, இலங்கைக்கு வந்தார். அந்த ஆண்டு ஊவாவுக்குக் கொடிய ஆண்டு. 1815இற் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817இல் ஊவா, வெல்லஸ்ஸை மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1818இல் அக்கிளர்ச்சி வயலும் வீடும் எரியும்படி அடக்கப்பட்டது. மலையைப் பிடித்தவர் அதனைக் காப்பதற்கு வழியின்றித் திகைத்தனர். படையும் உணவும் விரைந்து செல்ல வீதி வேண்டும் என்பதே ஆட்சியாளரின் முதல் எண்ணம். ஆகவே வீதிகள் பிறந்தது மக்களின் நலம் கருதி அன்று. இது முதலாவது இடர்.

1819இற் சிறுவர் ஸ்கின்னர் படையதிகாரியானார். அடுத்த ஆண்டு, அப்போது பதில் தேசாதிபதியாயிருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ், கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருவீதியின் ஒரு பகுதியை அவரிடம் ஒப்படைத்தார். வயது பதினாறு, அத்தொழிலில் எவ்விதப் பயிற்சியும் இல்லை. அவருக்குக் கீழ் வேலை செய்ய அனுப்பப்பட்ட கண்டிநாட்டார் இருநூறு பேரும் அத்தொழிலை அறியாதவர்கள். ஆசிரியர் இல்லாத மாணவனுக்குக் காடே பள்ளிக்கூடம் ஆயிற்று. பின்னாளில் மலைநாட்டை அளந்து வரைபடமாக்கும் பணி கிடைத்தபோதும், தியடலைற்று என்னும் அளவைக் கருவியைக் கையாளும் முறையைத் தாமே முயன்று கற்றுக்கொண்டார். ஆண்டுக்கணக்காகக் கூடாரத்தில் வாழ்ந்து சிகரம் சிகரமாக ஏறி இறங்கினார். மாணவர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கருவி அருகே இருப்பது கல்வியாகாது. அதனோடு தனித்து உழலும் பொறுமையே கல்வி.

1841இல் அவர் வீதி ஆணையாளர் ஆனார். பின்னர் பொதுவேலைகள் அனைத்தும் அவர் பொறுப்பின் கீழ் வந்தன. 1867இல் அவர் ஓய்வு பெற்றபோது இலங்கையில் ஏறத்தாழ 3,000 மைல் வீதி இருந்தது. அவற்றுள் கல்லிட்டு இறுக்கிய முதற்றர வீதி ஐந்தில் ஒரு பங்கு; வேறொரு பங்கு சரளைக்கல் இட்டது; எஞ்சியவை மழையற்ற காலத்தில் மட்டும் பயன்படத்தக்கவை. அவர் வேலை தொடங்கியபோதோ கண்டிநாட்டின் உட்பகுதியில் வண்டி செல்லத்தக்க வழி இல்லையென்றே கூறலாம்.

மலையிலே வீதி அமைப்போன் முதலிற் செய்ய வேண்டுவது வெட்டுதல் அன்று, கோடு தேர்தல். நேரே ஏறினால் தூரம் குறையும்; மாடு வீழும். மலையின் மடிப்புக்கு மடிப்பு வளைந்து சென்றால் தூரம் கூடும், சுமை ஏறும். மழைநீர் வீதியை அரிக்காவண்ணம் மலைப்பக்கத்தே வடிகானும், ஓடை குறுக்கிடும் இடந்தோறும் மதகும் வேண்டும். இன்றைய ஊவா வீதிகளைப் பிற்காலத்தார் பலர் அகட்டியும் திருத்தியும் தார் இட்டும் இருக்கின்றனர். ஆயினும் மலையோடு மல்லுக்கு நில்லாது அதன் உடன்பாட்டைப் பெற்று ஏறும் அம்முறை இன்றும் அழியவில்லை. தம்பத்தன்னைப் பாதையிற் பற்சக்கரம் ஒன்றே உடைய என் பழைய வண்டி மூச்சுத் திணறியும் நில்லாது ஏறுவது அம்முறையினால்தான்.

இம்முறையை மனிதருக்கு முன்னரே அறிந்திருந்தது யானை. செங்குத்தான மலைகளிலும் யானைக் கூட்டம் தேர்ந்து நடக்கும் தடங்கள் ஏற்றம் குறைந்தவை என்பதை அக்காலத்து இலங்கைபற்றி எழுதிய சேர் எமர்சன் டெனன்ட் வியந்து பதிவு செய்துள்ளார். அவருடைய நூலில் ஸ்கின்னர் கண்ட காட்சியொன்றும் உண்டு. நுவரகலாவியிலே ஒரு நிலவு நாள். கோடைகாலம், நீர் எஞ்சியிருந்த குளமொன்றின் கரையில் மரத்தின்மேல் ஸ்கின்னர் அமர்ந்திருந்தார். நெடுநேரம் ஓசை ஒன்றும் இல்லை. பின்னர்ப் பெரிய யானையொன்று காட்டிலிருந்து தனியே வெளிப்பட்டு, அடியெடுத்து வைப்பதும் நின்று செவிகொடுப்பதுமாக நீரருகே வந்தது. நீரைத் தொடாமல் மீண்டது. ஐந்து யானைகளை அழைத்து வந்து காவல் நிறுத்தியது. அதன் பின்னரே எண்பது முதல் நூறு வரையிலான தன் கூட்டத்தை நீருக்கு அழைத்தது. அவை குடித்துக் களித்திருக்கையில் ஸ்கின்னர் சிறு குச்சியொன்றை முறித்தார். அவ்வொலி கேட்ட கணத்திலேயே கன்றுகளை நடுவிட்டுக் கூட்டம் முழுவதும் காட்டினுள் மறைந்தது.

அமைதியை இத்துணை நுட்பமாகக் கண்டவர், அவ்வமைதியைக் குலைத்தவரும் ஆவார். டெனன்ட் தரும் கணக்கின்படி, பதுளையில் அரசாங்க உதவி அதிபராயிருந்த மேஜர் ரொஜர்ஸ் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400க்கு மேல். ஸ்கின்னர் கொன்றவை அதிற் பாதியளவு. ரொஜர்ஸ் 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் இடி வீழ்ந்து மாண்டார். பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. யானைகள் சார்பில் வானம் செய்த தண்டனை அது என்று ஊரார் கதை கட்டினர். ஸ்கின்னரை எந்த இடியும் தீண்டவில்லை. தடம் காட்டியவற்றையே கொன்றொழித்த அக்காலத்துப் பெருமித வேட்டைக்கு அவரும் உட்பட்டவர் என்பதை மறைத்தல் தகாது.

இடர் இன்னும் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பிலே ஸ்கின்னரின் வரலாற்றைச் சொல்லி, அவர் அமைத்த மைல்களின் தொகையைக் கரும்பலகையிற் பெருமையோடு எழுதினேன். லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, அத்தனை மைலுக்கும் கல் உடைத்தவர் யாரென்று வினவினாள். தொழிலாளர் என்று விடை கூறி அப்பால் சென்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். என் விடை ஒரு சொல்லாயிருந்ததேயன்றி விடையாயிருக்கவில்லை என்பதை அன்றிரவே உணர்ந்தேன்.

விடை இதுவாகும். தொடக்கத்திற் கல் உடைத்தவர் இராசகாரிய முறைப்படி கட்டாய ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட கண்டிநாட்டுக் குடிகள். அம்முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1848இல் வந்த வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்மகன் ஆண்டில் ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அன்றேற் பணம் கட்டவேண்டும் என விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். கட்டாய ஊழியர்க்கு அப்பால், தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட பயனியர் படையினர் பாறை பிளந்தனர். அவர் வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டினூடே நடந்தவருள், பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே வீழ்ந்தோர் பலர். அவர்கள் நடந்த வழிக்கு ஏற்றம் தணிக்க எவரும் இருக்கவில்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய செய்தியன்று. துவிச்சக்கரவண்டியில் உலாவுவோர் இன்று விரும்பிச் செல்லும் பிரான்ஸ் தேசத்து நாட்டுப்புறச் சாலைகளை எண்ணுக. மரநிழலும் திராட்சைத் தோட்டமும் சூழ்ந்த அந்நாட்டின் சாலைகள் பல, பதினெட்டாம் நூற்றாண்டிற் கோர்வே என்னும் ஊதியமற்ற கட்டாய ஊழியத்தால் உழவரைக் கொண்டு அமைக்கப்பட்டவை. லிமோஜ் மாகாணத்தை ஆண்ட தூர்கோ அவ்வூழியத்தை நீக்கி, வரிப்பணத்தாற் கூலி கொடுத்துச் சாலையமைத்தார். அங்கே பொறியியலாளராயிருந்த திரேசாகே, கல்லை அடுக்கடுக்காக இடும் நன்முறையை வகுத்தார். தூர்கோ அமைச்சராகி 1776இல் நாடு முழுவதும் அவ்வூழியத்தை ஒழித்தார்; அவர் பதவி இழந்ததும் அதே ஆண்டில் அது மீண்டும் வந்தது. அமைதியான சாலை எங்கிருப்பினும் அதன் அடியிலே இரைச்சல் மிகுந்த ஒரு வரலாறு கிடக்கின்றது.

ஸ்கின்னரின் மனம் கல்லன்று. வருவாய்க்காக அரசு சாராயக் கடைகளைப் பெருக்கியதால் கிராமங்கள் சீரழிவதைக் கண்டு, 1849ஆம் ஆண்டளவில் அதனைக் கண்டித்து எழுதியவர் அவர். தாம் சேவித்த அரசையே கண்டிக்க அதிகாரிக்குத் துணிவு வேண்டும். 1877இல், எழுபத்து மூன்றாம் வயதில், இங்கிலாந்திலுள்ள பாத் நகரிற் காலமானார். அவர் எழுதி வைத்த தன்வரலாற்றை மகள் 1891இல் வெளியிட்டார். கல் சுமந்தவர் எவரும் தன்வரலாறு எழுதவில்லை. அவர்கள் பெயர் எந்த மதகிலும் பொறிக்கப்படவில்லை.

இவ்வாண்டு அதே பாடத்தை மீண்டும் கற்பித்தேன். மைல்களின் தொகையை எழுதியபின், அதன் கீழே இராசகாரியக் குடிகள், பயனியர் படையினர், மன்னார் வழி வந்தோர் எனவும் எழுதினேன். வினா எழுப்பிய மாணவி பள்ளியை விட்டு நீங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன; விடை அவளைச் சேர்ந்திலது. அக்குறை எனக்கு உண்டு. ஆதலின் இக்கட்டுரை அவள் கண்ணிற் படுதல் வேண்டும் என விரும்புகின்றேன்.

தம்பத்தன்னைப் பாதையின் நடுவே பழைய கருங்கல் மதகொன்று உள்ளது. அங்கே வண்டியை நிறுத்தி இளைப்பாறுவேன். உளியின் தழும்பு அக்கற்களில் இன்னும் தெரிகின்றது. கோடு வகுத்தவரையும் உளி பிடித்தவரையும் ஒருங்கே எண்ணிவிட்டு, எஞ்சிய ஏற்றத்தை மிதிக்கத் தொடங்குவேன்.